வீட்டைவிட்டு அனுப்புகிற ஓட்டும் பூத்தில் விழுகிற ஓட்டும்

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். 2006 ஜனவரியில் பிரிட்டனில் நடந்த, நம் பிக்பாஸ் மாதிரியான செலிப்ரிட்டி பிக் பிரதர் நிகழ்ச்சியிலிருந்து ஜார்ஜ் காலோவே என்ற பிரிட்டிஷ் எம்.பி.யைப் பார்வையாளர்கள் ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். வாசலில் நின்ற கூட்டம் அவரைப் பார்த்துக் கூச்சல் போட்டுக் கேலி செய்தது. அந்தக் கூச்சல் அவருடைய அரசியலுக்கா, உள்ளே அவர் நடந்துகொண்ட விதத்துக்கா? நம் பக்கத்து எம்எல்ஏ ஒருவர் பிக்பாஸுக்குப் போய்ப் பாதியில் எலிமினேட் ஆனால், அடுத்த தேர்தலில் அது எதிரொலிக்குமா? இரண்டு கேள்வி போலத் தெரிந்தாலும் நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான்: டிவி முன்னால் உட்கார்ந்து ஓட்டுப் போடுகிறவரும் பூத் வரிசையில் நிற்கிறவரும் ஒரே மனநிலையில்தான் ஓட்டுப் போடுகிறார்களா?

நான் நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் பல வருடமாகக் கருத்துக்கணிப்புக் களவேலை பார்க்கிறவன். தேர்தல் வந்தால் கட்சியையும் வேட்பாளரையும் பற்றிக் கேட்போம். மற்ற மாதங்களில் எந்த சேனல், எந்தத் தொடர், எந்த சோப்பு என்று கேட்போம். 1960ல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன. அதனால் இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஓட்டு ஒரு மாநிலத்தில், டிவி இரண்டு மாநிலத்திலும் என்றுதான் இன்றைக்கும் ஓடுகிறது. நாகார்ஜுனா நடத்துகிற பிக்பாஸையும் பார்ப்பார்கள், விஜய் டிவி பிக்பாஸையும் பார்ப்பார்கள். தங்களுக்கு ஓட்டே இல்லாத மாநிலத்தின் கட்சிக்காரர் ஒருவர் அந்த வீட்டுக்குள் இருந்தால் அவரை எப்படி எடை போடுகிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. ஜாதிக் கணக்கும் கட்சிக் கணக்கும் அங்கே குறுக்கே வராது. ஆளை மட்டும் பார்க்கிறார்கள்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியதைச் சொல்கிறேன். ஒரு எவிக்‌ஷனுக்கு என்ன அர்த்தம் என்பது, அங்கே ஓட்டு எந்தத் திசையில் போடப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 2006ல் பிரிட்டனில் கேட்டது 'யாரை வெளியே அனுப்பலாம்?' என்று. நம் பிக்பாஸில் கேட்பது 'யாரைக் காப்பாற்றலாம்?' என்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் முடிவு தலைகீழாகிவிடும். அனுப்புகிற ஓட்டில், பத்துப் பேர் உயிராக நேசித்தாலும் இருபது பேர் வெறுத்தால் அவர் காலி. காப்பாற்றுகிற ஓட்டில், ஊரே வெறுத்தாலும் பத்துப் பேர் விடாமல் ஓட்டுப் போட்டால் அவர் நிற்பார். யாருக்கும் வெறுப்பும் இல்லாமல் பெரிய பிடிப்பும் இல்லாமல் இருக்கிற ஒருவர்தான் அங்கே முதலில் வெளியே போவார். ஆகவே காலோவே வெளியேறியதை 'ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை' என்று படிக்கலாம். நம் ஊரில் ஒருவர் வெளியேறினால் 'அவருக்காக ஓட்டுப் போட ஆள் போதவில்லை' என்பதற்கு மேல் எதையும் படிக்க முடியாது.

அது மட்டுமில்லை, தமிழில் 2017ல் முதல் சீசன் வந்தபோது கூகுள் தேடல் வழியாக ஒருவர் ஒரு நாளைக்கு 50 ஓட்டு வரை போட முடிந்தது. அப்புறம் முறை மாறியது. ஆனாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு என்கிற தேர்தல் கணக்கை இதில் போட்டுப் பார்ப்பது சரியாக வராது. விருப்பம் எத்தனை பேருக்கு என்பதைவிட, எவ்வளவு தீவிரம் என்பதுதான் அங்கே எண்ணப்படுகிறது. தொண்டர் படை உள்ள கட்சிக்காரருக்கு இது சாதகமாகும் என்று தோன்றும். 2022–23ல் ஆறாவது சீசனில் விடுதலைச் சிறுத்தைகள் கட்சியின் விக்ரமன் இருந்தபோது, தொல். திருமாவளவன் வெளிப்படையாகவே அவருக்கு ஓட்டுக் கேட்டார். ஒரு கட்சித் தலைவர் டிவி நிகழ்ச்சிக்கு ஓட்டுக் கேட்கலாமா என்று அதற்கே பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் அசீம் பட்டம் வென்றார், விக்ரமன் இரண்டாம் இடம். கட்சி வந்து கைகொடுத்ததும் இறுதிவரை வர உதவியிருக்கலாம். அந்தக் கை தெரிந்ததாலேயே சிலர் எதிர்ப்பக்கம் ஓட்டுப் போட்டும் இருக்கலாம். எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துப் பார்க்க வழியில்லை, ஏனென்றால் ஓட்டு விவரத்தை சேனல் முழுமையாக வெளியிடுவதில்லை.

இனி காலோவே. அவர் சாதாரண எம்.பி. இல்லை. ஈராக் போரை எதிர்த்துப் பேசிய பேச்சுகளுக்காக லேபர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 2005 மே மாதம் பெத்னல் கிரீன் அண்ட் போ தொகுதியில் ரெஸ்பெக்ட் கட்சி சார்பில் நின்று, பழைய கட்சியின் ஊனா கிங்கை 823 ஓட்டில் தோற்கடித்தவர். அதே மாதம் 17ஆம் தேதி அமெரிக்க செனட் விசாரணைக் குழு முன்னால் போய் உட்கார்ந்து, அவர்களையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதுபோலப் பேசினார். அவருடைய கொள்கையை ஏற்காதவர்கள்கூட அந்தப் பேச்சை மறக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே மனிதர் பிக் பிரதர் வீட்டுக்குள் பூனை போல நான்கு காலில் போய் நடிகை ரூலா லென்ஸ்காவின் கையிலிருந்து பால் குடிப்பதுபோல நடித்தார். சிவப்பு நிற இறுக்கமான உடையில் ஆடினார். இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் அந்தப் பூனைக் காட்சிதான் முதலில் வரும்.

ஆனால் அவரை வெளியே அனுப்பியது பூனை என்று நான் நினைக்கவில்லை. பூனைக்கு ஜனங்கள் சிரித்தார்கள், சிலர் அவருக்காக வெட்கப்பட்டார்கள். சிரிக்க வைக்கிறவரை இந்த மாதிரி நிகழ்ச்சியில் யாரும் அனுப்பமாட்டார்கள். மனம் திரும்பியது அதற்கப்புறம் நடந்த சண்டைகளில். தன்னைவிடப் பல வயது சிறிய சக போட்டியாளர்களான பிரஸ்டனிடமும் ஷான்டெல் ஹவுட்டனிடமும் அவர் பாராளுமன்ற மேடைக் குரலில் மோதினார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டுவந்த இன்னொரு போட்டியாளர் மைக்கேல் பேரிமோரை அந்த விஷயத்தை வைத்தே குத்தினார். செனட் குழுவிடம் கைதட்டு வாங்கிய அதே நாக்குதான். அங்கே எதிரில் இருந்தது ஒரு வல்லரசு, இங்கே எதிரில் இருந்தது பதில் பேசத் தெரியாத ஒரு பெண். ஜனவரி 25ஆம் தேதி, இறுதிப்போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, அவரை அனுப்பினார்கள். பட்டத்தை வென்றது ஷான்டெல். அவர் பிரபலமே கிடையாது. பிரபலம் மாதிரி நடித்துச் சமாளிக்கச் சொல்லி நிகழ்ச்சிக்காரர்களே உள்ளே அனுப்பிய சாதாரணப் பெண். பார்வையாளர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டாம்.

இதை நான் இங்கேயும் நேரில் பார்த்திருக்கிறேன். 2023 பொங்கல் முடிந்து, தமிழ் பிக்பாஸ் இறுதிப்போட்டி நடந்த கையோடு ஏகாம்பரகுப்பத்தில் வேறொரு வேலையாகப் போயிருந்தேன். கரண்ட் போயிருந்தது. விசைத்தறிக் கொட்டகையில் சத்தம் நின்றுபோனதால் நூலைத் தாராகச் சுற்றுகிற இரண்டு பெண்கள் வாசல் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். தார்க்கூடையில் சாய்த்துவைத்த போனில் இறுதிப்போட்டித் துணுக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. விக்ரமன் ஜெயிக்காதது எப்படி இருந்தது என்று கேட்டேன். மூத்தவர் சொன்னார்: "சண்டையிலயும் மரியாதை விடாம பேசினார் அண்ணா. அதுக்காகவே பார்த்தேன்." இளையவருக்கு அதில் உடன்பாடு இல்லை. "எப்பப் பாரு மீட்டிங்ல பேசற மாதிரியே பேசறார். வீட்ல இருக்கற ஆளு அப்படியா பேசும்?" என்றார். சரி, அவர் எந்தக் கட்சி என்று கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தப் பக்கத்துக் கட்சி ஏதோ" என்றார் மூத்தவர். நூறு நாளுக்கு மேல் பார்த்த ஒருவரைப் பற்றி அவர்களுக்கு இருந்த கருத்து இரண்டுமே ஆழமானவை, கவனித்துச் சொன்னவை. இரண்டிலும் கட்சி இல்லை.

இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கிறவர்களை வேலையற்றவர்கள், விவரம் தெரியாதவர்கள் என்று படித்தவர்கள் ஒதுக்குவது எனக்கு வருத்தமாகவே இருக்கும். ஒருவர் தனக்குக் கீழே இருக்கிறவரிடம் எப்படிப் பேசுகிறார், தட்டு கழுவுகிற முறை வந்தால் கழுவுகிறாரா, தன் தவறு வெளியே வந்தால் குரல் உயர்கிறதா தாழ்கிறதா என்று இவர்கள் பார்க்கிற பார்வை கூர்மையானது. மருமகளாக ஒரு வீட்டுக்குப் போய், மேஸ்திரியின் கீழ் வேலை பார்த்து, ஆளைப் படித்துப் பழகியவர்களின் பார்வை அது. மேடையில் இருக்கிற அரசியல்வாதியை இப்படிப் படிக்க அவர்களுக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அவர் கும்பிட்டுக்கொண்டே ஜீப்பில் போய்விடுவார். எவிக்‌ஷன் அன்றைக்கு வருகிற கோபமும் கைதட்டலும் அந்தப் படிப்பின் முடிவு என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாசலில் நிற்கிற கூட்டத்தை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். 2020 மார்ச்சில் மலையாள பிக்பாஸிலிருந்து ரஜித் குமார், சக போட்டியாளரின் கண்ணில் மிளகாய் தேய்த்ததற்காக வெளியேற்றப்பட்டார். கொச்சி விமான நிலையத்தில் அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் திரண்டது. கொரோனாக் கட்டுப்பாடு தொடங்கியிருந்த நேரம், போலீஸ் வழக்குப் போட்டது. 2023 டிசம்பரில் ஹைதராபாத் அன்னபூர்ணா ஸ்டுடியோ வெளியே தெலுங்கு இறுதிப்போட்டி இரவில் அரசுப் பேருந்துகளின் கண்ணாடியை உடைத்தார்கள். இரண்டு இடத்திலும் அரசியல்வாதி யாரும் இல்லை என்றாலும் கூட்டம் அரசியல் கூட்டம் போலவே நடந்துகொண்டது. விமான நிலையத்துக்கு வந்தவர்களும் பேருந்தை உடைத்தவர்களும் பார்வையாளர்களில் ஒரு சிறு பகுதி. அந்த நிகழ்ச்சியைத் தினமும் பார்க்கிற வீட்டுப் பெண்களில் பெரும்பாலோர் அங்கே வரவில்லை. இணையத்தில் எலிமினேஷன் இரவன்று வந்து குவிகிற கருத்துகளும் அப்படித்தான். சத்தமாகப் பேசுகிறவர்கள் ஒரு பிரிவு, அவ்வளவுதான். களவேலையில் முதலில் சொல்லிக்கொடுப்பதே, தெருமுனையில் தானாக வந்து பேசுகிறவரை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பாதே, கதவைத் தட்டு என்பதுதான்.

இனி தேர்தல். உங்கள் கேள்வியில் சந்தேகமான பகுதி இதுதான், ஏனென்றால் எவிக்‌ஷனையும் தேர்தலையும் நேர்க்கோட்டில் இணைக்கிற உதாரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. காலோவே பெத்னல் கிரீனில் ஒரு முறைதான் நிற்பேன் என்று சொல்லியிருந்தார், 2010ல் பக்கத்துத் தொகுதியில் நின்று மூன்றாவதாக வந்தார். பார்த்தீர்களா, பூனை தோற்கடித்துவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் 2012ல் பிராட்ஃபோர்ட் வெஸ்ட் இடைத்தேர்தலில் பத்தாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். 2024 பிப்ரவரியில் ராச்டேல் இடைத்தேர்தலிலும் ஜெயித்தார், ஜூலைப் பொதுத்தேர்தலில் அதே இடத்தில் தோற்றார். அந்த வெற்றிகளிலும் தோல்விகளிலும் போரும் காஸாவும் உள்ளூர்க் கணக்கும் பேசின. பூனைக் காட்சி கேலிக்குப் பயன்பட்டது.

பிரிட்டனின் நாடின் டோரிஸ் 2012ல் எம்.பி.யாக இருந்துகொண்டே, பிரபலங்களைக் காட்டில் தங்கவைக்கிற 'ஐ ஆம் எ செலிப்ரிட்டி' நிகழ்ச்சிக்காக ஆஸ்திரேலியக் காட்டுக்குப் போனார். கன்சர்வேடிவ் கட்சி இடைநீக்கம் செய்தது, பார்வையாளர்கள் முதல் ஆளாக அனுப்பினார்கள். அடுத்த ஆண்டே கட்சி திரும்பச் சேர்த்துக்கொண்டது. 2015ல் ஜெயித்தார், 2021ல் ஒளிபரப்புத் துறையையும் சேர்த்துக் கவனிக்கிற கலாச்சார அமைச்சராகவே ஆனார். மாட் ஹான்காக் 2022ல் அதே காட்டுக்குப் போனார். கொரோனா காலத்துச் சுகாதார அமைச்சர் அவர், உறவுகளை இழந்த குடும்பங்கள் கொதித்துப்போயிருந்தன. பூச்சி, புழு, சேறு என்று கஷ்டமான டாஸ்க் யாருக்கு என்று கேட்டபோது ஜனங்கள் ஆரம்பத்தில் தொடர்ந்து அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அதே நிகழ்ச்சியில், அதே வாரங்களில், அவரை மூன்றாம் இடம்வரை காப்பாற்றவும் செய்தார்கள். தண்டிக்கிற ஓட்டும் காப்பாற்றுகிற ஓட்டும் ஒரே ஆளுக்கு விழுந்தன. அதற்கப்புறம் அவர் தேர்தலிலேயே நிற்கவில்லை. 2023ல் அதே மூன்றாம் இடம் வாங்கிய இன்னொரு பிரிட்டிஷ் அரசியல்வாதி நைஜல் ஃபராஜ் ஏழு மாதத்தில் கிளாக்டன் எம்.பி. ஆனார். ஒரே நிகழ்ச்சி, ஒரே இடம், இரண்டு விதி.

நம் தொகுதியையே எடுத்துக்கொள்வோம். நகரியில் ரோஜாவை வெறும் எம்எல்ஏவாகப் பார்த்தவர்கள் யாருமில்லை. தெலுங்கு வீடுகளுக்கு ஜபர்தஸ்த் என்ற டிவி நகைச்சுவை நிகழ்ச்சியின் நடுவர், தமிழ் வீடுகளுக்கு தொண்ணூறுகளின் பட நாயகி. அந்த நடுவர் நாற்காலியில் இருந்துகொண்டேதான் 2014ல் 858 ஓட்டிலும் 2019ல் 2,708 ஓட்டிலும் ஜெயித்தார். 2022 ஏப்ரலில் அமைச்சரானதும் நிகழ்ச்சியை விட்டார். 2024ல் பெரிய வித்தியாசத்தில் தோற்றார். இதையே மாற்றிப்போட்டுப் பாருங்கள். டிவிக்குப் போகாமல் இரண்டு முறை ஜெயித்து, டிவிக்குப் போனதும் தோற்றிருந்தால், டிவிதான் காரணம் என்று டீக்கடை முழுக்கப் பேசியிருப்பார்கள். உண்மையில் 2024ல் அவருடைய கட்சியே 175 இடத்தில் 11தான் பிடித்தது. அந்த அலையில் நடுவர் நாற்காலியைத் தனியாக எடுத்து நிறுத்துப் பார்க்க எந்தத் தராசும் இல்லை. தமிழ் பிக்பாஸை நடத்திக்கொண்டே கட்சி நடத்திய கமல்ஹாசன் 2021ல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றதையும் நான் இப்படித்தான் பார்க்கிறேன். அவ்வளவு நெருக்கமான தோல்விக்கு ஆளுக்கொரு காரணம் சொல்லலாம், எதையும் மறுக்கவும் முடியாது.

ஒன்றை மட்டும் களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், அதனால் நம்பிச் சொல்கிறேன். எலிமினேட் ஆனதை யாரும் குற்றமாகச் சொல்லமாட்டார்கள். 'தண்ணி வராத நாளில் இவர் எங்கே இருந்தார்?' என்றுதான் கேட்பார்கள். காலோவேக்கும் அவர் தொகுதியில் விழுந்த பெரிய அடி இதுதான்: பாராளுமன்றத்தில் இருக்க வேண்டியவர் டிவி வீட்டில் என்ன செய்கிறார் என்று. போருக்கு எதிரான தன் பேச்சை இளைஞர்களிடம் கொண்டுபோகத்தான் உள்ளே போவதாகச் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சு ஒளிபரப்பில் வெட்டப்பட்டதாக அவர் தரப்பே புகார் சொன்னது. ஊரில் இல்லாத நாட்களுக்குக் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பினார். ரோஜா விஷயத்தில் அப்படிக் குறை சொன்னவர்களுக்கு ஒரு பதில் இருந்தது: ஷூட்டிங் முடிந்தால் வந்துவிடுவார். பிக்பாஸில் அது முடியாது. போன் கிடையாது, பேப்பர் கிடையாது, செத்தவர் வீட்டுக்குக்கூட வர முடியாது. இங்கே துக்கத்துக்கு வராத தலைவரை மறப்பதில்லை.

ஆகவே நீங்கள் கேட்ட அந்த எம்எல்ஏ போவதாக இருந்தால், எத்தனையாவது வாரத்தில் வெளியேறுவார் என்பதைவிட, எந்த மாதங்களில் உள்ளே இருப்பார் என்பதைப் பாருங்கள். 2012ல் அமிர்தசரஸ் எம்.பி.யாக இருந்த நவ்ஜோத் சிங் சித்து, குஜராத் தேர்தல் பிரசாரத்துக்காக இந்தி பிக்பாஸிலிருந்து பாதியிலேயே வெளியே வந்துவிட்டார். யாரும் அவரை எலிமினேட் ஆனவராக நினைக்கவில்லை. சட்டத்திலும் ஒரு வரம்பு இருக்கிறது. அரசியல் சாசனத்தின் 190ஆவது பிரிவுப்படி, ஒரு எம்எல்ஏ அனுமதி இல்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால் அவர் இடம் காலி என்று சபை அறிவிக்கலாம். ஆனால் சபை முடித்துவைக்கப்பட்ட நாட்களும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைக்கப்பட்ட நாட்களும் அந்தக் கணக்கில் சேராது. நம் சட்டசபைகள் கூடுகிற நாட்கள் குறைவு என்பதால், நூறு நாள் பிக்பாஸ் வீட்டில் இருந்தாலும் பதவி தானாகப் போய்விடாது. ஆனால் பட்ஜெட் கூட்டத்தொடர் நடக்கிற நேரத்தில் அவர் அங்கே கேப்டன்சி டாஸ்க் செய்துகொண்டிருந்தால், எதிர்க்கட்சி அந்த ஒரு படத்தை வைத்தே தேர்தல் வரை ஓட்டிவிடும்.